பால் இல்லாத எருக்கலை

எங்கள் வீட்டு வாசற்படிக்கும் கார் விடும் றைவ்வேக்கும் நடுவில் ஒரு கார் நிற்கக்கூடிய அளவுக்கு நிலம் இருந்தது. கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் நானும் என் கணவரும் சண்டை பிடிக்காத விஷயம் இல்லை. உப்புக்குப் பிடித்திருக்கிறோம், ஊருக்குக் காசு அனுப்புவதற்குப் பிடித்திருக்கிறோம், மகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பிடித்திருக்கிறோம். அதெல்லாம் சமைத்துச் சாப்பிட்டதும் ஆறிப்போகிற சண்டை. கனடாவில், வெக்ஸ்போர்டில் இருக்கும் இந்த வீட்டின் அந்தத் துண்டு நிலத்துக்குப் பிடித்த சண்டை மட்டும் ஆறவில்லை.

அவருக்கு அங்கே இன்ரர்லொக் கல் பதிக்க வேண்டும். இந்த நகரத்தில் எங்கள் ஆட்களுக்கு இன்ரர்லொக் என்றால் ஒரு பைத்தியம். வீடு வாங்கி, பேஸ்மென்ற் கட்டி, அதை வாடகைக்கு விட்டு, கடைசியில் வீட்டு முகப்பைக் கல்லால் மூடினால்தான் ஒரு மனிதர் கனடாவில் நிலைத்துவிட்டார் என்று அர்த்தம். பேஸ்மென்றில் இருப்பவர்களுக்குக் கார் விட இடமில்லை என்று அவர் காரணம் சொன்னார். உண்மையான காரணம் வேறு. ஒஷாவாவில் இருக்கும் என் அக்காவின் கணவர் முந்தின வருடம் கல் பதித்துவிட்டார். இவருடைய சகலனுக்கு இருப்பது இவருக்கும் இருக்க வேண்டும்.

எனக்கு அந்த இடத்தில் ஒரு பூ வேண்டும்.

பின்வளவு முழுவதும் அவருடைய ராச்சியம். கத்தரி, பச்சைமிளகாய், பயித்தங்காய், பாகல், பூசணி. எல்லாம் கறிக்கு ஆகிற சாமான். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கேயும் வெட்டுவதும் அவிப்பதும்தான், வீட்டுக்கு வந்தாலும் அதுதான். கறிச்சட்டிக்குள் போகாத ஒன்றை வளர்க்க வேண்டும் என்று எனக்குக் கனகாலமாக ஆசை. என்ன ஒன்று என்றுதான் தெரியாமல் இருந்தது.

சீனி கூடிவிட்டது, நட என்று டொக்டர் சொன்னதால் ஹைட்ரோ மின்கம்பிகள் போகும் பெரிய புல்வெளியில் நடக்கத் தொடங்கினேன். ஒரு ஆடி மாதத்தில்தான் அதைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு பற்றை. அதன் தலை முழுவதும் செம்மஞ்சள் பூக்கள். அந்த நிறத்தில் மனிதர் சேலை கட்டினால் கண் கூசும், செடிக்கு எடுப்பாக இருந்தது. பூக்களின் மேல் வண்ணத்துப்பூச்சிகள் இடம் பிடிக்க முட்டிக்கொண்டு நின்றன. குனிந்து ஒரு பூவை உற்றுப் பார்த்தேன். கீழே மடிந்த இதழ், மேலே சின்னக் கிரீடம். சின்ன வயதில் பிள்ளையாருக்கு மாலை கட்டிய கை இது, எருக்கம்பூவின் கிரீடம் எனக்குத் தெரியாதா? நிறம்தான் வேறு.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் இங்கே பிறந்தவள், டவுன்டவுனில் தனியே இருக்கிறாள். “அம்மா, உதுக்குப் பெயர் பட்டர்ஃப்ளை மில்க்வீட். இஞ்சத்தைய நேட்டிவ் பிளான்ற், பிரெய்ரியிலை வாறது. எருக்கலையின்ரை கஸின்தான், யூ ஆர் ரைற்” என்றாள். மொனாக் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி இந்த இனத்தில்தான் முட்டையிடும், அதன் புழு வேறொன்றையும் வாயில் வைக்காது என்றும் சொன்னாள். எனக்கு அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

கணவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“வீட்டு வாசலிலை எருக்கலை நட்ட முதல் மனுசி நீராய்த்தான் இருப்பீர். பாழ்வளவிலை முளைக்கிற சாமானை ஆரும் காசு குடுத்து வாங்கின வீட்டிலை வைப்பினமோ?”

“கல்லு மட்டும் பாழ்வளவிலை இல்லையோ?” என்றேன்.

அன்றைக்குச் சகலனும் அக்காவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பார்வையாளர் இருந்தால் இவருக்குப் பெருந்தன்மை வரும். “சரி, எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன். நீர் நடுற கண்டிலை ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து குடும்பம் நடத்தினால் நிலம் உமக்கு. இல்லாட்டில் கல்லு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அது பகிடியாகவே படவில்லை.

விதை எடுக்க ஐப்பசியில் புல்வெளிக்குப் போனேன். இலை எல்லாம் கொட்டி, எது எந்தச் செடி என்று தெரியாமல் கிடந்தது. வேலியோரமாக மெலிந்த காய்கள், சோடி சோடியாக, முதுகு வெடித்து நின்றன. ஒன்றைப் பிளந்தேன். உள்ளே தட்டையான மண்ணிற விதைகள், ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பஞ்சு. ஊதினேன், பறந்தது. காய் வெடித்துப் பஞ்சு பறந்தால் அது எருக்கலைதான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஆட்கள் எவருக்கும் வந்திருக்காது. இந்த இனத்துக்குக் காய் மெலிவாக இருக்கும் என்று மகள் அனுப்பிய பக்கத்திலும் இருந்தது. ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன்.

குளிர் காட்டினால்தான் விதை முளைக்கும் என்றார்கள். ஈரக் கடதாசியில் சுற்றிப் பிறிஜ்ஜில், மீன்குழம்புச் சட்டிக்குப் பின்னால் வைத்தேன். வசந்தத்தில் நட்டபோது ஒன்றுகூடப் பழுதில்லை. சில விதையில் இரண்டு மூன்று கன்று வந்தது. என் கை ராசியான கை என்று நானே என்னைப் புகழ்ந்துகொண்டேன்.

முதல் கோடையில் சின்னக் கன்றாக நின்றன. இரண்டாம் கோடையில் திடீரென்று எழும்பி ஒன்றை ஒன்று பிடித்து முறுக்கிக்கொண்டு வாசற்படிக் கைப்பிடியில் ஏறின. படத்தில் இருந்த செடியின் இலை ஒடுக்கமாக, மயிர் உள்ளதாக இருந்தது. என்னுடையது அகலமாக, எண்ணெய் பூசியது போல மினுங்கியது. எனக்கு அது உறுத்தாமல் இல்லை. ஆனால் படத்தில் இருப்பதும் நேரில் இருப்பதும் எப்போதாவது ஒரே மாதிரி இருந்திருக்கிறதா? கலியாணப் பேச்சில் வந்த படத்தை நம்பித்தானே நான் இந்த நாட்டுக்கு விமானம் ஏறினேன்.

கணவர்தான் கேட்டார். “எருக்கலை எப்ப கொடியானது?”

“கனடா எருக்கலை அப்பிடித்தான்.”

ஒரு சோதனை இருந்தது. இந்த இனத்தில் மற்ற எல்லாவற்றையும் முறித்தால் பால் வரும், பட்டர்ஃப்ளை மில்க்வீட் ஒன்றில் மட்டும் பால் வராது என்று வாசித்திருந்தேன். ஒரு தண்டை முறித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான் கசிந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பால் இல்லாததைச் சாட்சியாக வைத்துக்கொண்டு துள்ளிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆவணிக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அது வந்தது. மொனாக். கறுப்புக் கோடு போட்ட செம்மஞ்சள் சிறகு, என் உள்ளங்கை அளவு. நான் ஜன்னலால் கண்டதும் நைற்றியோடு, காலில் செருப்பும் இல்லாமல், படியால் இறங்கி ஓடினேன். அது ஒரு இலையில் தொங்கி, வயிற்றை வளைத்து, அடிப்பக்கத்தில் ஒரு முட்டை வைத்தது. குண்டூசித் தலை அளவு, கிறீம் நிறம். பிறகு அடுத்த இலை. “இஞ்சேருங்கோ, வந்திட்டுது, ஓடி வாங்கோ, வந்திட்டுது” என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரரும் வெளியே வந்தார்.

கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கதவடியில் நின்றார். பூச்சியை ஒரு தரம் பார்த்தார், என்னைக் கொஞ்சம் கூட நேரம் பார்த்தார். “ஓம், வந்திட்டுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னேரம் சகலனோடு போனில் “நிலம் போச்சுதப்பா, மனுசி வெண்டிட்டா” என்று சொல்வது கேட்டது. நான் சமையலறையில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். எனக்கு வெற்றி என்று ஒன்று அதற்கு முன் வந்ததில்லை.

சில நாளில் முட்டை வெடித்தது. நூல் துண்டு போலப் புழுக்கள், கறுத்த தலை. இலையில் ஊசி குத்திய அளவுக்கு ஓட்டை போட்டன. அதோடு நிறுத்திவிட்டன. அடுத்த நாள் பார்த்தபோது சுருங்கிக் கிடந்தன. எறும்புதான் என்று நினைத்து எறும்பைத் துடைத்தேன். வெயில் என்று நினைத்துக் குடை பிடித்தேன். இளம் இலையைக் கிள்ளிப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றாகக் காய்ந்து போயின. ஒன்று மட்டும் இரண்டு நாள் கூட இருந்தது. இலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய், திரும்பி வந்து, எதையோ தேடிக்கொண்டே இருந்து, அதுவும் செத்தது.

மகள் வந்தாள். கொடிக்கு முன்னால் போனைப் பிடித்தாள். ஏதோ பார்த்தாள், திரும்பவும் பிடித்தாள்.

“அம்மா, ஐ’ம் சொறி. உது மில்க்வீட் இல்லை. டோக் ஸ்ரிராங்லிங் வைன். வெளியிலை இருந்து வந்த களை. இதுவும் அந்த ஃபமிலிதான், அதாலைதான் பட்டர்ஃப்ளையும் ஏமாறுது. முட்டை வைக்கும், பட் பேபீஸ் சாப்பிட ஏலாது. எல்லாம் செத்திடும்.”

“பஞ்சு வந்ததே” என்றேன். “பாலும் வரேல்லையே.”

“அது இதிலையும் வராது அம்மா.”

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த கணவர் அந்தப் பெயருக்குத் தமிழில் அர்த்தம் கேட்டார். மகள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும், பிறந்தநாள் வீடு, கோயில் அன்னதானம், செத்தவீடு என்று போன இடமெல்லாம் அவருக்கு ஒரே கதைதான். “என்ரை மனுசி நாயைக் கழுத்து நெரிக்கிற கொடிக்கு ரெண்டு வருசம் தண்ணி ஊத்தினவ. பூச்சியைக் கூப்பிட்டு வைச்சுப் பிள்ளையளைப் பட்டினி போட்டுக் கொன்றவ.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தத் தாய்ப்பூச்சி முட்டையை வைத்துவிட்டு நிம்மதியாகப் பறந்துபோனதும், நான் அதைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றதும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் கதையில் சேர்ந்திருக்கும்.

கொடியைக் கிண்டி எடுத்தேன். வேர் வெள்ளையாக, கட்டுக்கட்டாக, தொட்டால் முறியும். முறிந்த துண்டு ஒவ்வொன்றையும் மண்ணை அரித்துத் தேடிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். முழங்கால் வீங்கிவிட்டது. மகள் அவரோடு வாதாடி எனக்கு இன்னும் ஒரு கோடை வாங்கித் தந்தாள். “சரி, அடுத்த கோடை முடியுமட்டும். அதுக்கு மேலை ஒரு கதையும் இல்லை” என்றார்.

புரட்டாதியில் ஒரு தேவாலய வளவில் உள்ளூர்ச் செடிகள் விற்றார்கள். நான் கடவுளைப் பார்க்கப் போனவள் போலப் போகவில்லை, பொலிஸ் போலப் போனேன். இலை ஒடுக்கமா? ஓம். தண்டில் மயிர் இருக்கிறதா? ஓம். இலைகள் எதிரெதிரே சோடியாகவா, ஒன்று மாறி ஒன்றாகவா? மாறி மாறித்தான். கொடி ஓடுமா? ஓடாது. விற்ற பெண் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரே ஆழமான கிழங்கு வேர், ஒரு தரம் நட்டால் பிறகு இடம் மாற்றாதே, அடுத்த வருடம் பூக்கும், ஆனால் வசந்தத்தில் மற்ற எல்லாம் எழும்பின பிறகுதான் இது எழும்பும், செத்துப்போய்விட்டது என்று நினைத்துக் கிண்டிவிடாதே என்று சொன்னாள்.

மண்ணுக்கு மணல் கலந்தேன். நட்ட இடம் ஒவ்வொன்றிலும் ஐஸ்கிறீம் குச்சி குத்தினேன். பனிக்காலம் முழுவதும் அந்த இடத்தில் அவர் றைவ்வேப் பனியைத் தள்ளிக் குவிக்காமல் காவல் நின்றேன்.

பனி கரைந்தது. எதிர்வீட்டில் ரியூலிப் வந்து பூத்து முடிந்தது. புல்வெளி எல்லாம் மஞ்சள் பூ. என் நிலத்தில் குச்சிகள் மட்டும் நின்றன. அவர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது நின்று பார்ப்பார். “பிரேதம் எழும்பேல்லையோ இன்னும்?”

“இது பிந்தித்தான் வரும். மே முடியட்டும். கை வைக்காதேங்கோ” என்று நானும் ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்துச் சமைத்துக் கொடுக்க ஒஷாவாவுக்குப் போனேன். ஒரு கிழமை நின்றேன். திரும்பி வந்து காரால் இறங்கியபோது வாசற்படி தொடக்கம் றைவ்வே வரை சாம்பல் நிறக் கல், இடைவெளி இல்லாமல், நல்ல நேர்த்தியாகப் பதித்திருந்தது. பேஸ்மென்ற்காரரின் கார் அதற்கு மேல் நின்றது.

என் முகத்தைப் பார்த்துக் கணவரே சொன்னார்.

“செத்துப்போச்சு. எல்லாத்தையும் கிண்டிப் பாத்தனான். வேர் அழுகிக் கறுத்துக் கிடந்தது. நீர் பாத்தால் தாங்கமாட்டீர் எண்டுதான் நீர் வர முந்திச் செய்விச்சனான்.”

படியில் இருந்து அழுதேன். அவர் என்றுமில்லாதபடி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தார். “சில பேருக்குக் கை அப்பிடி. விடும்” என்றார். அடுத்த நாள் மலிவுக் கடையில் ஒரு பிளாஸ்ரிக் வண்ணத்துப்பூச்சி வாங்கிவந்து, சீமெந்துச் சாடி ஒன்றில் கம்பியோடு குத்தி வைத்தார். காற்றடித்தால் சிறகு ஆடும். இது உயிருள்ளதை விட நல்லது, பட்டினி கிடக்காது என்றார்.

நான் அவரை நம்பினேன். கோடை முழுவதும் நம்பினேன். ஆழம் காணாமல் நட்டுவிட்டேனோ, மணல் கூடிவிட்டதோ, தண்ணீர் விட்டு அழுக வைத்தேனோ என்று வேலையிடத்தில் கரட் வெட்டும்போதெல்லாம் கணக்குப் பார்த்தேன். முதலில் புழுக்களைக் கொன்ற கை, பிறகு செடியையும் கொன்ற கை. யாராவது பூக்கன்று கேட்டால்கூட என் கையால் கொடுக்கப் பயந்தேன். பின்வளவில் அவருடைய கத்தரிக்குத் தண்ணீர் விடச் சொன்னால், நீங்களே விடுங்கோ, என்ரை கை பட்டால் அதுவும் போகும் என்பேன். அவர் மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

புரட்டாதியில் கல்லின் ஒரு மூலை தாழ்ந்துவிட்டது. பதித்த பெடியன் வந்தான். பெடியன் என்றாலும் நாற்பது வயது, மட்டக்களப்புப் பக்கம், மரியாதையானவன். கணவர் வேலையில் நின்றார். தேத்தண்ணி கொடுத்தேன்.

“அக்கா, அந்தக் கிழங்குகளைப் பிறகு எங்க வெச்சீங்க?” என்று கேட்டான். “நல்ல தடிச்ச கிழங்கு. எல்லாத்திலயும் வெள்ளையா முளை வந்திருந்திச்சி. கிண்டினதும் அண்ணனிட்டக் காட்டினனான். பின்வளவில வெச்சா வரும் எண்டும் சொன்னனான்.”

“அண்ணை என்ன சொன்னவர்?”

என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைத்தான். “குப்பைப் பைக்குள்ள போடச் சொன்னாரு” என்றான்.

பின்னேரம் கணவர் வந்தார். குளித்தார், சாப்பிட இருந்தார். சோற்றைப் போட்டேன், கறியைப் போட்டேன், எதிரே இருந்தேன். “முளை விட்டிருந்ததாமே” என்றேன்.

பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன். பெடியனை ஏசுவார், சகலனை இழுப்பார், கார் விட இடமில்லை என்பார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“ஓம், கண்டனான். உயிரோடைதான் இருந்தது.”

“பிறகேன்?”

“அண்டைக்கு அந்தப் பூச்சி வந்தவுடனை நீர் செருப்பும் இல்லாமல் ஓடினீர். வந்திட்டுது, வந்திட்டுது எண்டு கத்தினீர். உமக்கு அப்பிடி ஒரு குரல் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. முப்பது வருசமாய் நானும் வேலையாலை இந்த வீட்டுக்கு வாறன். ஒருநாள், ஒரேயொரு நாள், அப்பிடி ஓடி வந்து கதவைத் திறந்தீரோ?”

இல்லை. திறந்ததில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அடுப்பைப் பற்ற வைப்பேன், அவ்வளவுதான். அவர் இதைக் கவனித்திருப்பார் என்றோ, அது அவருக்கு நோகும் என்றோ எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த நிமிடத்தில் எழும்பிப் போய் அவர் தோளில் கையை வைத்திருக்கலாம். அவர் கண் சிவந்திருந்தது, கை சோற்றில் அசையாமல் நின்றது. ஆனால் ஒரு கோடை முழுவதும் என் கையை நானே வெறுக்கும்படி விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்த மனிதர் அவர். எனக்கு இரக்கம் வந்தது, அதைவிடக் கூடுதலாக வெறுப்பு வந்தது.

“நான் ஓடி வாற மாதிரி நீங்கள் ஒருநாளும் வரேல்லை” என்றேன்.

அது எங்கே போய்ப் படும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், மிச்சச் சோற்றைக் கொட்டி, என்றுமில்லாமல் தானே கழுவி வைத்தார். கையைத் துடைத்தார்.

“அப்ப கல்லு நல்லது” என்றார்.